கணினியின் இணைய இணைப்பு மென்பொருள்: பழுதும் சீரமைப்பும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தப் பக்கம் தென்னாப்பிரிக்காவின் டர்பன், சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், டொங்காட், பீட்டர்மாரிட்ஸ்பர்க் பகுதிகளில் விண்டோஸ் 10 அல்லது 11 கணினி வைத்திருக்கும் தமிழ் அன்பர்களுக்காக எழுதப்பட்டது. இங்கே பெரும்பாலும் கணினித் திரை ஆங்கிலத்தில் இருப்பதால், திரையில் காணும் பெயர்களை ஒலி மாறாமல் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். தட்டச்சு செய்ய வேண்டிய கட்டளைகளைத் தொலைபேசியில் சொல்வதுபோல எழுத்தெழுத்தாகப் பிரித்துச் சொல்லியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பு ஒன்றின் பழைய கணினிகளைக் கவனிக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்த நாளிலிருந்து இந்தக் கேள்விகள் வந்துகொண்டே இருக்கின்றன.

கேள்வி: திடீரென்று இணையம் வரவில்லை. கணினியின் மென்பொருள்தான் கெட்டுவிட்டது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பெரும்பாலும் அது கெட்டிருக்காது. முதலில் உங்கள் கைப்பேசியில் மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு, அதே வைஃபையில் ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்து பாருங்கள். மொபைல் டேட்டாவை அணைக்காமல் சோதித்தால், வைஃபை செத்துக் கிடந்தாலும் கைப்பேசி தன் சொந்த வழியில் பக்கத்தைக் கொண்டுவந்து காட்டி உங்களை ஏமாற்றிவிடும். கைப்பேசியிலும் வரவில்லை என்றால் குறை வைஃபை தரும் ரௌட்டர் பெட்டியிலோ, வெளியே கம்பியிலோ, அதற்கும் அப்பாலோ இருக்கிறது. கணினியைத் தொட வேண்டாம்.

அதற்கும் அப்பால் என்பது சில நேரம் மிகத் தொலைவாக இருக்கும். நம் நாட்டு இணையத்தின் பெரும்பகுதி கடலடிக் கம்பிகள் வழியாக வருகிறது. 2009இல் இயங்கத் தொடங்கிய சீகாம் கம்பி, டர்பனுக்கு வடக்கே ம்டுன்சினி கடற்கரையில் கரையேறுகிறது. 2024 மார்ச்சில் ஐவரி கோஸ்ட் கடற்பகுதியில் மேற்குக் கரைக் கம்பிகள் பல ஒரே நேரத்தில் சேதமடைந்தபோது தென்னாப்பிரிக்காவிலும் பல சேவைகள் தடுமாறின. அன்று எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர், தம் கணினிதான் பழுதாகிவிட்டதென்று நினைத்து விண்டோஸை முழுவதும் அழித்து மறுபடி நிறுவிவிட்டுத்தான் என்னை அழைத்தார். எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதை அது.

கைப்பேசியில் வருகிறது, கணினியில் மட்டும் வரவில்லை என்றால் தொடர்ந்து படியுங்கள்.

கேள்வி: லோட் ஷெட்டிங் (முறைவைத்த மின்வெட்டு) முடிந்து மின்சாரம் வந்த பிறகும் கணினிக்கு மட்டும் இணைப்பு வரவில்லை. ஏன்?

லோட் ஷெட்டிங் முன்புபோல் அன்றாடம் இல்லையென்றாலும், உள்ளூர் மின்தடைகள் ஓயவில்லை. ஆகவே இந்தக் கேள்வியும் ஓயவில்லை. ஃபைபர் இணைப்புள்ள வீட்டில் இரண்டு பெட்டிகள் இருக்கும்: கண்ணாடி இழை வந்து சேரும் சுவர்ப்பெட்டி ஒன்று, வைஃபை தரும் ரௌட்டர் மற்றொன்று. மின்சாரம் வந்தவுடன் இரண்டும் ஒன்றாக விழித்தெழும். சுவர்ப்பெட்டி தயாராகும் முன்பே ரௌட்டர் வெளியுலகைத் தேடிவிட்டுத் தோற்றுப்போவதும் உண்டு. இரண்டையும் அணைத்து, சுவர்ப்பெட்டியை முதலில் போட்டு, அதன் விளக்குகள் நிலைத்த பின் ரௌட்டரைப் போட்டு, இரண்டு மூன்று நிமிடம் பொறுத்திருப்பது நல்லது.

இதற்கிடையில் கணினி என்ன செய்துகொண்டிருக்கும் என்பதுதான் நம் பேச்சு. இணைப்பில் சேரும் ஒவ்வொரு கணினிக்கும் ரௌட்டர் ஓர் எண் முகவரி வழங்குகிறது. கேட்ட நேரத்தில் ரௌட்டர் பதில் சொல்லாவிட்டால், விண்டோஸ் தானாகவே 169.254 என்று தொடங்கும் ஒரு முகவரியைச் சூட்டிக்கொள்ளும். அந்த முகவரியைப் பார்த்தால் "ரௌட்டரிடம் கேட்டேன், பதில் இல்லை" என்று கணினி சொல்வதாகப் பொருள் கொள்ளுங்கள். ஸ்டார்ட் பொத்தானை அழுத்தி சி-எம்-டி என்று தட்டச்சு செய்து என்டர் தட்டினால் வரும் கறுப்புச் சாளரத்தில், ஐ-பி-சி-ஓ-என்-எஃப்-ஐ-ஜி (ஐபிகான்ஃபிக்) என்று இடைவெளியின்றி எழுதி என்டர் தட்டினால் முகவரி தெரியும். அதே சொல்லுக்குப் பின் ஓர் இடைவெளி விட்டு, சாய்கோடு இட்டு, ஆர்-இ-என்-இ-டபிள்யூ என்று சேர்த்து எழுதினால் கணினி புதிதாக முகவரி கேட்கும். பாதிப் பேருக்கு இத்துடன் வேலை முடிந்துவிடும்.

கேள்வி: கணினியை அணைத்து, மறுபடி போட்டும் பார்த்துவிட்டேனே?

இங்கே ஒரு சூட்சுமம் இருக்கிறது. விண்டோஸ் 8 வந்ததிலிருந்து, ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற வசதி இயங்கும் கணினிகளில் "ஷட் டவுன்" கொடுத்தால் கணினி முழுமையாக அணைவதில்லை. விண்டோஸின் உட்கருவும், கணினியின் பாகங்களை இயக்கும் டிரைவர்கள் என்ற சிறு மென்பொருள்களும் இருந்த நிலை அப்படியே வட்டில் எழுதி வைக்கப்பட்டு, அடுத்த முறை போடும்போது அது திரும்ப ஏற்றப்படுகிறது. ஆகவே குழம்பிப்போன இணைப்பு மென்பொருள் தன் குழப்பத்தோடேயே எழுந்து வரும். "ரீஸ்டார்ட்" கொடுத்தால் மட்டுமே எல்லாம் புதிதாகத் தொடங்கும். பத்து முறை அணைத்துப் போட்டவரின் குறை ஒரே ஒரு ரீஸ்டார்ட்டில் தீர்ந்ததைப் பலமுறை பார்த்திருக்கிறேன். இந்தப் பக்கத்தில் எங்கெல்லாம் "மறுதொடக்கம்" என்று சொல்கிறேனோ, அங்கெல்லாம் ரீஸ்டார்ட் என்றே கொள்ளுங்கள்.

கேள்வி: எந்த இடத்தில் அறுந்திருக்கிறது என்று படிப்படியாகக் கண்டுபிடிக்க முடியுமா?

முடியும், இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும்தான் கற்றுக்கொள்வீர்கள் என்றால் இதைக் கற்றுக்கொள்ளுங்கள். அதே கறுப்புச் சாளரத்தில் பி-ஐ-என்-ஜி என்று எழுதி, இடைவெளி விட்டு ஒரு முகவரியைக் கொடுத்தால், கணினி அந்த முகவரிக்குக் குரல் கொடுத்து, பதில் வருகிறதா என்று நான்கு முறை பார்க்கும். அருகிலிருந்து தொலைவுக்குப் போக வேண்டும்.

முதலில் 127.0.0.1 என்ற முகவரி. இது கணினி தன்னையே கூப்பிடுவது. கம்பியும் வைஃபையும் இதில் சம்பந்தப்படுவதில்லை. இதற்கே பதில் இல்லை என்றால் இணைப்பு மென்பொருள் உண்மையிலேயே உடைந்திருக்கிறது. அடுத்து, முன்பு பார்த்த முகவரிப் பட்டியலில் "டிஃபால்ட் கேட்வே" என்ற வரியில் இருக்கும் எண். அது உங்கள் ரௌட்டர். அது பேசவில்லை என்றால் கம்பி, வைஃபை, கணினியை இணைப்பில் சேர்க்கும் நெட்வொர்க் அட்டை என்ற பாகம், அதன் டிரைவர் ஆகியவற்றைச் சந்தேகிக்கலாம். மூன்றாவது 8.8.8.8 என்ற முகவரி. இது கூகுள் நடத்தும் பொதுப் பெயர்ச் சேவை. ரௌட்டர் பேசி இது பேசாவிட்டால் குறை வீட்டுக்கு வெளியே இருக்க வாய்ப்பு அதிகம். நான்காவதாக, நீங்கள் வழக்கமாகத் திறக்கும் ஒரு தளத்தின் பெயரைக் கொடுத்துப் பாருங்கள். எண் பேசுகிறது, பெயர் பேசவில்லை என்றால், பெயரை எண்ணாக மாற்றித் தரும் டி.என்.எஸ். என்ற ஏற்பாடுதான் தடைப்பட்டிருக்கிறது.

டி.என்.எஸ். குறைக்கு மருந்து எளிது. ஐபிகான்ஃபிக் கட்டளைக்குப் பின் இடைவெளி, சாய்கோடு, அதையொட்டி எஃப்-எல்-யு-எஸ்-எச்-டி-என்-எஸ் என்று எழுதினால், கணினி நினைவில் வைத்திருக்கும் பழைய பெயர்ப் பட்டியல் அழிந்துவிடும். அதிலும் சரியாகவில்லை என்றால், செட்டிங்ஸில் டி.என்.எஸ். முகவரியாக 8.8.8.8 அல்லது கிளவுட்ஃப்ளேரின் 1.1.1.1 கொடுத்துப் பார்க்கலாம்.

கேள்வி: "வின்சாக் கெட்டுவிட்டது" என்று கடைக்காரர் சொன்னார். வின்சாக் என்பது என்ன?

உலாவியோ, மின்னஞ்சல் செயலியோ, வாட்ஸ்அப்போ எதுவும் நெட்வொர்க் அட்டையோடு நேரடியாகப் பேசுவதில்லை. நடுவில் ஓர் இடையாள் இருந்து, எல்லா மென்பொருள்களின் வேண்டுகோளையும் ஒரே முறையில் வாங்கி அனுப்புகிறார். அந்த இடையாள்தான் விண்டோஸ் சாக்கெட்ஸ், சுருக்கமாக வின்சாக். 1990களின் தொடக்கத்தில் ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஓர் இணைப்பு முறையை விற்றுக்கொண்டிருந்ததால், எல்லோருக்கும் பொதுவான ஒரு வரையறையாக இது 1992இல் முன்வைக்கப்பட்டது.

இது உடைவதற்குக் காரணம் இதன் தாராள குணம். வெளி நிறுவனங்களின் மென்பொருள்கள் இந்த வழியில் ஒரு கண்ணியாகத் தங்களை நுழைத்துக்கொண்டு, போகிற வருகிற தகவலையெல்லாம் பார்க்கவும் மாற்றவும் முடியும் என்று வைத்திருந்தார்கள். வைரஸ் தடுப்பு மென்பொருள்களும், பிள்ளைகள் பார்ப்பதைக் கட்டுப்படுத்தும் மென்பொருள்களும் அப்படி நுழைந்தன. கேட்காமலே வந்து உட்காரும் விளம்பர மென்பொருள்களும் நுழைந்தன. யாராவது அந்த மென்பொருளின் கோப்பை மட்டும் அழித்துவிட்டால், வின்சாக்கின் பட்டியலில் அதன் பெயர் இருக்கும், ஆள் இருக்கமாட்டார். சங்கிலியில் ஒரு கண்ணி காணாமல்போனால் முழுச் சங்கிலியும் பயனற்றதாகிவிடும். வைஃபை முழுவதுமாக இணைந்திருப்பதாகக் காட்டும், ஒரு பக்கமும் திறக்காது.

விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் இது வாரம் ஒரு முறை வரும் நோய். 2004இல் வந்த எக்ஸ்பி சர்வீஸ் பேக் 2 இந்தப் பட்டியலைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும் கட்டளையைத் தந்தது. விண்டோஸ் விஸ்டாவிலிருந்து, சங்கிலிக்குள் நுழையாமலே தகவலை வடிகட்ட வேறு வழி தரப்பட்டதால் இந்த நோய் இப்போது அரிதாகிவிட்டது. கடைக்காரர் சொன்னது உண்மையாக இருக்கலாம்; ஆனால் மேலே சொன்ன நான்கு படிச் சோதனையைச் செய்யாமலே சொல்லியிருந்தால் அதை நான் நம்பமாட்டேன்.

கேள்வி: அதைச் சீராக்கும் கட்டளைகள் எவை? அவற்றால் ஏதாவது இழப்பு உண்டா?

கட்டளைகள் இரண்டு. சி-எம்-டி என்று தட்டச்சு செய்தபின் வரும் பெயரின்மேல் வலப்பக்கப் பொத்தானை அழுத்தி, "ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்" என்பதைத் தேர்ந்தெடுத்தே திறக்க வேண்டும்; வெறுமனே திறந்தால் விண்டோஸ் அனுமதி மறுக்கும்.

முதல் கட்டளை மூன்று சொற்கள்: என்-இ-டி-எஸ்-எச், பிறகு டபிள்யூ-ஐ-என்-எஸ்-ஓ-சி-கே, பிறகு ஆர்-இ-எஸ்-இ-டி. ஒவ்வொரு சொல்லுக்கும் இடையில் ஓர் இடைவெளி. இது வின்சாக் பட்டியலிலிருந்து வெளியார் சேர்த்த கண்ணிகள் அனைத்தையும் நீக்கிவிடும். இன்னும் பழைய முறையில் நுழைந்திருக்கும் மென்பொருள் ஏதாவது உங்களுக்குத் தேவைப்பட்டால், அதை மறுபடி நிறுவ வேண்டியிருக்கும்.

இரண்டாவது கட்டளை நான்கு சொற்கள்: என்-இ-டி-எஸ்-எச், பிறகு ஐ-என்-டி, பிறகு ஐ-பி, பிறகு ஆர்-இ-எஸ்-இ-டி. இது முகவரி தொடர்பான பதிவுகளை முதல் நாள் இருந்த நிலைக்குத் திருப்பி எழுதும். இதை ஓட்டும்போது ஏதாவது ஒரு வரியில் "ஆக்சஸ் இஸ் டினைட்" என்று வரக்கூடும். மற்ற வரிகள் "ஓகே" என்று முடிந்திருந்தால் அதைப் பொருட்படுத்தாமல் மறுதொடக்கம் செய்யுங்கள். இரண்டு கட்டளைகளும் மறுதொடக்கத்துக்குப் பிறகே முழுப் பயன் தரும்.

இழப்பு இரண்டாவது கட்டளையில்தான் இருக்கிறது. கையால் எழுதிவைத்த நிலையான முகவரிகள் அத்தனையும் போய்விடும். எங்கள் வகுப்பில் அச்சுப்பொறி இணைந்திருந்த கணினிக்கு நிலையான முகவரி ஒன்று கொடுத்திருந்ததை மறந்து, நானே இந்தக் கட்டளையை ஓட்டினேன். இணையம் வந்தது, அச்சு நின்றது. தேர்வுத் தாள்கள் அச்சாக வேண்டிய நாள் அது. அன்றுமுதல், எதையும் தொடும் முன் ஐபிகான்ஃபிக் கட்டளைக்குப் பின் இடைவெளி, சாய்கோடு, ஏ-எல்-எல் என்று சேர்த்து எழுதி, வரும் பட்டியல் முழுவதையும் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்கிறேன். நீங்களும் அவ்வாறே செய்யுங்கள்.

கேள்வி: செட்டிங்ஸில் "நெட்வொர்க் ரீசெட்" என்று ஒரு பொத்தான் இருக்கிறதே, அதை அழுத்தினால் போதாதா?

போதும், ஆனால் அது கடைசிக்கு முந்தைய மருந்து. 2016இல் வந்த விண்டோஸ் 10 மேம்படுத்தலில் அது அறிமுகமானது. விண்டோஸ் 11இல் செட்டிங்ஸ், நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட், அட்வான்ஸ்ட் நெட்வொர்க் செட்டிங்ஸ் என்ற வரிசையில் போனால் கிடைக்கும். விண்டோஸ் 10இல் "ஸ்டேட்டஸ்" பக்கத்தின் அடியில் இருக்கும். அது எல்லா நெட்வொர்க் அட்டைகளையும் விண்டோஸிலிருந்து கழற்றி, மறுபடி பூட்டி, மேற்சொன்ன அமைப்புகளையும் முதல் நிலைக்குக் கொண்டுவந்து, ஐந்து நிமிடத்தில் தானாகவே மறுதொடக்கம் செய்யும். சேமித்து வைத்த வைஃபை கடவுச்சொற்கள் போய்விடும், அலுவலக நெட்வொர்க்கோடு பாதுகாப்பாக இணைக்கும் வி.பி.என். மென்பொருளை மறுபடி நிறுவவோ அமைக்கவோ வேண்டிவரும். உங்கள் வைஃபை கடவுச்சொல் ஜோகன்னஸ்பர்க்கில் இருக்கும் மகனுக்கு மட்டுமே தெரியும் என்றால், அவரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொண்டு பிறகு அழுத்துங்கள்.

கேள்வி: நான்கு படிகளும் பதில் சொல்கின்றன, ஆனால் உலாவியில் மட்டும் எதுவும் திறக்கவில்லை.

இரண்டு இடங்களைப் பாருங்கள். ஒன்று, செட்டிங்ஸில் "ப்ராக்ஸி" என்ற பக்கம். உலாவியின் வேண்டுகோள்களை வேறொரு கணினி வழியாகத் திருப்பிவிடும் ஏற்பாடுதான் ப்ராக்ஸி. நீங்கள் வைக்காத ப்ராக்ஸி ஒன்று அங்கே இயங்கிக்கொண்டிருந்தால் அதை அணைத்துவிடுங்கள்; தீய மென்பொருள்கள் நீக்கப்பட்ட பிறகும் விட்டுச்செல்லும் எச்சம் அது. அதை அணைத்த கையோடு வைரஸ் சோதனையும் செய்வது அவசியம்.

மற்றொன்று கணினியின் கடிகாரம். மேசைக் கணினியின் உள்ளே சி.ஆர். 2032 என்ற நாணய வடிவ மின்கலம் ஒன்று இருக்கிறது; மின்சாரம் இல்லாதபோது கடிகாரத்தை ஓட்டுவது அதுதான். அது தீர்ந்துபோன கணினி, மின்தடை முடிந்து எழுந்ததும் பல ஆண்டுகளுக்கு முந்தைய தேதியைக் காட்டும். இணையதளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ்களுக்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு என்பதால், தேதி தவறினால் உலாவி எல்லாத் தளங்களையும் சந்தேகித்து, "உங்கள் இணைப்பு பாதுகாப்பானதல்ல" என்ற பொருளில் எச்சரித்து நின்றுவிடும். மென்பொருளை எத்தனை முறை சீராக்கினாலும் இது தீராது. தேதியைச் சரிசெய்து, நேர வலயம் "ஹராரே, பிரிட்டோரியா" என்று இருக்கிறதா பார்த்து, அந்த மின்கலத்தை மாற்றிவிடுங்கள். எந்தப் பல்பொருள் அங்காடியிலும் கிடைக்கும்.

கேள்வி: வைரஸ் தடுப்பு மென்பொருளை நீக்கினேன். அன்றிலிருந்து இணைப்பு இல்லை.

அது தன் வடிகட்டியை விட்டுவிட்டுப் போயிருக்கிறது. பெரிய தயாரிப்பாளர்கள் பலர் எச்சத்தைத் துடைப்பதற்கென்றே தனி நீக்குக் கருவி தருகிறார்கள். வேறு கணினியில் அதை அவர்களின் சொந்தத் தளத்திலிருந்து இறக்கி, யு.எஸ்.பி. குச்சியில் கொண்டுவந்து ஓட்டுங்கள். வி.பி.என். மென்பொருளை நீக்கிய பின் வரும் குறைக்கும் இதே வழி. கருவி இல்லையென்றால் நெட்வொர்க் ரீசெட்.

கேள்வி: நெட்வொர்க் அட்டையின் டிரைவரே காணவில்லை. அதை இறக்க இணையம் வேண்டும். இணையம் வர அது வேண்டும். என்ன செய்வது?

கைப்பேசியை யு.எஸ்.பி. கம்பியால் கணினியோடு இணைத்து, கைப்பேசியின் அமைப்புகளில் "யு.எஸ்.பி. டெதரிங்" என்பதைப் போடுங்கள். ஆண்ட்ராய்டு கைப்பேசியைப் பெரும்பாலும் விண்டோஸ் தானாகவே ஒரு நெட்வொர்க் அட்டையாக ஏற்றுக்கொள்ளும். தனி டிரைவர் தேவைப்படாது. கைப்பேசி அதே நேரத்தில் வீட்டு வைஃபையில் இருந்தால் உங்கள் டேட்டா செலவாகாது. இந்த ஒரு வழி தெரியாமல் கணினியைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனவர்கள் அநேகர்.

பிறகு ஸ்டார்ட் பொத்தானின்மேல் வலப்பக்கம் அழுத்தி "டிவைஸ் மேனேஜர்" திறந்து, "நெட்வொர்க் அடாப்டர்ஸ்" பகுதியைப் பாருங்கள். மஞ்சள் முக்கோணமோ கீழ்நோக்கிய அம்புக்குறியோ உள்ள பெயரை இருமுறை சொடுக்கினால் ஓர் எண் தெரியும். 28 என்றால் டிரைவர் நிறுவப்படவில்லை. 22 என்றால் யாரோ அட்டையை முடக்கி வைத்திருக்கிறார்கள். "எனேபிள்" கொடுத்தால் போதும். 10 என்றால் அட்டை தொடங்க மறுக்கிறது: டிரைவர் பொருந்தவில்லை, அல்லது அட்டையே பழுது. விண்டோஸ் மேம்படுத்தலுக்குப் பிறகு குறை தொடங்கியிருந்தால், அதே சாளரத்தின் "டிரைவர்" பக்கத்தில் "ரோல் பேக்" இருக்கிறதா பாருங்கள். "அன்இன்ஸ்டால்" கொடுத்து மறுதொடக்கம் செய்தால் விண்டோஸ் தன்னிடமுள்ள டிரைவரை மறுபடி பூட்டும். ஆனால் டிரைவர் கோப்பையும் அழிக்கவா என்று கேட்கும் பெட்டியில் மாற்றுக் கோப்பு கையில் இல்லாமல் குறியிடாதீர்கள்.

சிறிது நேரம் சும்மா விட்டால் மட்டும் வைஃபை அறுந்துபோகிறது என்பவர்கள், அதே சாளரத்தில் "பவர் மேனேஜ்மென்ட்" பக்கம் இருந்தால், மின்சேமிப்புக்காக அட்டையை அணைக்க அனுமதிக்கும் குறியை எடுத்துவிடலாம்.

கேள்வி: இடி மின்னலுக்குப் பிறகு கம்பி இணைப்பு போய்விட்டது. மென்பொருளைச் சீராக்கலாமா?

வேண்டாம். குவாசுலு-நட்டால் கோடை மின்னல் கம்பி வழியாக வந்து அட்டையைச் சுட்டுவிடும். கம்பியைச் செருகும் துளையில் விளக்கு எரியவே இல்லை, வேறு கம்பியிலும் எரியவில்லை என்றால், யு.எஸ்.பி.யில் செருகும் நெட்வொர்க் அடாப்டர் ஒன்று வாங்குவதே மலிவான வழி.

கேள்வி: எல்லாம் வேலை செய்கிறது, ஆனால் திரையின் மூலையில் "நோ இன்டர்நெட்" என்று காட்டுகிறது.

விண்டோஸ் அவ்வப்போது மைக்ரோசாஃப்டின் ஒரு சிறு பக்கத்தைத் திறந்து பார்த்துத்தான் இணையம் இருக்கிறதா என்று முடிவு செய்கிறது. ரௌட்டரோ, விளம்பரத் தடுப்பானோ, வி.பி.என்.னோ அந்த ஒரு பக்கத்தை மறித்தாலே போதும், இல்லை என்று எழுதிவிடும். வேலை நடக்கிறதென்றால் அதை விட்டுவிடுங்கள்.

கேள்வி: ஒரே சொடுக்கில் எல்லாவற்றையும் சரிசெய்யும் மென்பொருள்கள் கிடைக்கின்றனவே?

அவற்றில் நல்லவை மேலே சொன்ன கட்டளைகளையே வரிசையாக ஓட்டுகின்றன. கெட்டவை உங்கள் வின்சாக்கில் இன்னொரு கண்ணியாக வந்து உட்காருகின்றன. எக்ஸ்பி காலத்துக் கருவிகளை விண்டோஸ் 11இல் ஓட்டவே கூடாது. அவை திருப்பி எழுதும் பதிவுகள் அந்தக் காலத்து அமைப்புக்கானவை.

கேள்வி: எதுவும் பலிக்கவில்லை. விண்டோஸை மறுபடி நிறுவிவிடலாமா?

அதற்கு முன் ஒரு சோதனை. யு.எஸ்.பி. குச்சியிலிருந்தே இயங்கும் லினக்ஸ் (விண்டோஸுக்கு மாற்றான இயங்குதளம்) ஒன்றை, வட்டில் நிறுவாமல், தற்காலிகமாகத் தொடங்கிப் பாருங்கள். அதில் இணையம் வந்தால் அட்டை நன்றாக இருக்கிறது, குறை விண்டோஸில் என்று உறுதி. மறு நிறுவலுக்குப் பொருள் உண்டு. அதிலும் வராவிட்டால், அட்டைதான் பழுது என்று கருத இடமுண்டு. மறு நிறுவலில் உங்கள் ஞாயிற்றுக்கிழமைதான் வீணாகும். நிறுவுவதென்று முடிவாகி, கணினி விண்டோஸ் 10 ஆக இருந்தால், அதற்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டதால், கணினி தாங்குமானால் 11ஐயே நிறுவுங்கள். நிறுவும் முன் உங்கள் நெட்வொர்க் அட்டைக்கான டிரைவரை யு.எஸ்.பி. குச்சியில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் 11 நிறுவலின் நடுவிலேயே இணையம் கேட்கும்.